பின் சீட்டு ஆள்

கழுத்தில் கத்தி வைத்தவன் ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"சத்தம் போடாதீங்க சாமி. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

திருப்பூரில் பாண்டித்துரையை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. பனியன் கம்பெனி முதலாளி கந்தப்பனின் டிரைவர் அவன். புது கார் வந்ததிலிருந்து ஆசைக்கு அவரே ஓட்டுவார்; இவன் பின்னால் உட்காருவான். இன்றும் சாயப்பட்டறை வாசலில் ஏசியை ஓடவிட்டு அவர் இறங்கிப்போனார். உடனே இரண்டு பேர் ஏறிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, பின் சீட்டு. முதலாளி இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கார் பல்லடம் ரோட்டில் பறந்தது.

டிரைவர் என்று சொன்னால் அறுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டானே! சொல்லாவிட்டால்? எத்தனை நேரம் தாங்கும்?

"ஏசி போதுங்களா? ஊட்டுக்குப் போன் போடுங்க. பணத்தை ரெடி பண்ணச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. முதலாளியின் நம்பரை அழுத்தினான். ஸ்பீக்கரில் கந்தப்பன் வெடித்தார்.

"டேய் பாண்டி! வண்டி எங்கடா?"

"மொதலாளி, என்னையக் கடத்திட்டாய்ங்க. கழுத்துல கத்தி..."

"காருக்கு ஏதாச்சும் ஆச்சாடா?"

கத்திக்காரன் போனைப் பிடுங்கி லைனை வெட்டினான்.

"டிரைவராடா நீ? நாயே! உன்னைய எவன்டா தேடப்போறான்?"

அவனை முடித்துவிட ஆளில்லாத இடம் தேடி மண் ரோடு மண் ரோடாகச் சுற்றினார்கள். எங்கே திரும்பினாலும் ஒரு தறிக்கூடம், வாசலில் ஆட்கள்.

போன் அடித்தது. கத்திக்காரன் ஸ்பீக்கரில் போட்டு ஹலோ என்றான்.

"யாருய்யா நீ? எம்புருசன் போனு எப்படி ஒங்கையில?"

நதியா. அதே கம்பெனியில் டெய்லர். அவளுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

"மொதலாளி போனைப் போட்டு காரைத் தேடுங்கடான்னு கத்துறாரு. நாங்க ஆளைத் தேடுறோம். மொத்த தையல் லைனும் மெஷினை நிறுத்திட்டு ரோட்டுல ஒக்காந்துட்டோம். போலீசும் வந்தாச்சு. எம்புருசனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னைய விடமாட்டேன், பாத்துக்க!"

ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு வியர்த்தது. "ஒரு டிரைவருக்கா இத்தனை கூட்டம்? கொலைக் கேசெல்லாம் வேண்டாம். எறக்கி உடுடா!"

கதவு திறந்தது. ஒரு தள்ளு. போனும் அவன் மேல் வந்து விழுந்தது. கார் புழுதியில் மறைந்தது.

எழுந்து நிற்பதற்குள் போன் அடித்தது. கந்தப்பன்.

"வண்டி என்னடா ஆச்சு?"

"அது போயிருச்சு மொதலாளி. நான் இருக்கேன்."

பதிலுக்குக் காத்திராமல் நதியாவின் நம்பரை அழுத்தினான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போனது.