ஜேக்கப் போட்ட மூன்றங்குலக் குழாய்

1967ஆம் வருஷம் ராயபுரத்து ஐஸ் கம்பெனி ஒன்றின் பம்பு, கிணற்றுத் தண்ணீர் போதாமல், சுவரை ஒட்டிக் குடியிருந்த ரோஸ்மேரியின் கண்ணீரை இழுக்கத் தொடங்கியது. பம்பைப் பொருத்தியவன் அவள் புருஷன் ஜேக்கப். கிணற்றிலிருந்து இழுக்கிற பக்கம் ஐந்தங்குலக் குழாயும் தொட்டிக்குத் தள்ளுகிற பக்கம் மூன்றங்குலமும் போட்டிருக்க வேண்டும். அவன் மாற்றிப் போட்டான். சோடாவைக் குழல் வைத்து உறிஞ்சினவனுக்குத் தெரியாதா, சின்னக் குழாய்தான் வேகமாக இழுக்கும் என்பது அவன் கட்சி. முதலாளிக்கும் தொட்டியில் தடிமனாக விழுகிற தண்ணீரைப் பார்க்கப் பிடித்திருந்தது.

பட்டினி கிடந்த பம்பு, உள்ளே கூழாங்கல் உருளும் சத்தத்தோடு, கிடைத்ததையெல்லாம் இழுத்தது. முதலில் ரோஸ்மேரியின் பானைகளில் தண்ணீர் குறைந்தது. பிறகு வாசலில் மாட்டியிருந்த தீர்த்தக் கிண்ணம் காய்ந்தது. கடைசியில் வெங்காயம் நறுக்கினாலும் அவள் கண்ணில் நீர் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று சமைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் உப்புக் கரித்தது; மீன் கூடுதலாக ஒருநாள் தாங்கியதால் மீன்காரர்கள் குறை சொல்லவில்லை.

1971இல் ஜேக்கப் மஞ்சள் காமாலையில் செத்தான். பெட்டியை மூடும்வரை தெருவே அவள் முகத்தைப் பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. தன் மனசுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். வழித்துக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. ஜேக்கப்பின் அக்கா ஆலிஸ், "என் தம்பி செத்ததுக்கு உனுக்குக் கண்ணுகூட கலங்கலயே" என்று சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அதுதான் ரோஸ்மேரிக்குத் தாங்கவில்லை. தாங்கவில்லை என்பதும் எங்கோ தூரத்தில்தான் தெரிந்தது.

புதிதாக வந்த ஃபிட்டர் பஷீர் சத்தத்தைக் கேட்டுக் குழாயைப் பார்த்தான். ஐஸ் ஏன் கரிக்கிறது என்பதும் புரிந்துவிட்டது. இப்படிப்பட்ட பம்பு ஒன்றை எண்ணூரிலும் பார்த்திருக்கிறான். நேரே ரோஸ்மேரி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். குழாயை நாளைக்கே மாற்றிவிடலாம், அவளுக்கு அழுகையும் வந்துவிடும் என்றான்.

ரோஸ்மேரி பம்பு இருந்த பக்கத்துச் சுவரில் கை வைத்தாள்.

"வாணாம்ப்பா. அவரு கையால போட்ட பைப்பு. அப்டியே கெடக்கட்டும்."

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோனார்கள். ரோஸ்மேரி கம்பெனியில் ஒரு பாளம் ஐஸ் வாங்கி, மரத்தூள் போட்டுக் கோணியில் சுற்றி, ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோய், ஜேக்கப்பின் கல்லறைச் சிலுவைமேல் சாய்த்து வைத்தாள். வெயிலில் அது உருகி வழிந்தது. பிறகு வந்த ஆலிஸ் குனிந்து ஈரச் சிலுவையை முத்தமிட்டாள். உதடு கரித்தது. ரோஸ்மேரியின் காய்ந்த கண்களைப் பார்த்தாள். பாளம் முழுக்கக் கரைகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து கோணியின் மறுமுனையை ஆலிஸ் பிடித்துக்கொண்டாள்.