சின்னச்சாமிக்குப் போடாத வெடி

தியாக்கோன் கஸ்பார் பொறாமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் கோவிலில் கைக்குழந்தைகூட அழாது. அண்ணன் காயீன் தம்பி ஆபேலை வெட்டிய இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு அறுபத்தேழாம் வருஷம், பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகை முடிந்த இரண்டாம் ஞாயிறன்று, காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

தியாக்கோன் என்றால் குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே. ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிரசங்கம் வைக்கலாம், பூசை வைக்க முடியாது. அதனால் ஊர் அவரைச் சின்னச்சாமி என்றது. விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே, வீட்டுக்கு இரண்டு பேர் வெடிக் கம்பெனிக்குப் போகிற அந்தச் சவேரியார் கோவில் தெருவில் பத்து மாதம் இருந்தார். கரிமருந்து ஒட்டிய விரல்களோடு வந்த பெண்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு ஷெட்டு தீப்பிடித்தபோது விருதுநகர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் காயம்பட்டவர்களோடு உட்கார்ந்திருந்தார். இன்று ஐந்து மணி பஸ்ஸில், சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துக்குத் திரும்புகிறார். இரண்டு மாதத்தில் குருப்பட்டம்.

அவர் இடத்துக்கு வந்தவர் மதலைமுத்து. சாத்தூர்ப் பக்கத்துப் பையன், குருமடத்தில் அவருக்கு ஒரு வருஷம் இளையவர். ஒரே பந்தல், ஒரே மைக் செட் என்று வரவேற்பையும் பிரிவுபசாரத்தையும் ஊர்க்காரர்கள் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். வினை அங்கேதான்.

காலையில் மதலைமுத்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் போட்டார்கள் பாருங்கள் வெடி! ரோட்டிலிருந்து கோவில் வாசல்வரை சரவெடி. தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். பத்து மாதத்துக்கு முன் தனக்கும் இதே மரியாதை நடந்தது கஸ்பாருக்கு மறந்துபோகவில்லை. நினைத்தால் எரிச்சல் குறைந்துவிடுமே என்று அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

மத்தியானப் பந்தியில், கோவிலுக்குச் சமைத்துப் போடும் குருவம்மாள் ஈரல் துண்டைத் தேடி எடுத்து மதலைமுத்துவின் இலையில் வைத்தாள். பத்து மாதமாக அது கஸ்பாரின் இலைக்கு வந்த துண்டு.

"வெக்கப்படாமச் சாப்புடுங்க சாமி, ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றாள் அவள்.

கஸ்பார் பக்கம் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வந்த மாட்டையும் கட்டமாட்டான், போன மாட்டையும் தேடமாட்டான் என்பார்களே, இவர்கள் வந்த மாட்டை மட்டும் நன்றாகக் கட்டுகிறார்கள் என்று அவர் மனசுக்குள் கறுவினார்.

பிரிவுபசாரம் என்னவோ நடந்தது. மாலை போட்டார்கள். வெடிக் கம்பெனி போர்மேன் செல்லச்சாமி மைக்கில் நாலு வார்த்தை பேசி, ஐந்தாவது வார்த்தைக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கஸ்பாருக்கு அது போதவில்லை. அவர் கடற்கரைக்காரர். அவரைக் குருமடத்துக்கு அனுப்பிய அன்று வண்டி கண்ணுக்கு மறையும்வரை அவர் ஊரில் வெடி ஓயவில்லை. வெடியிலேயே பிறந்து வளர்ந்த இந்த ஊரிலோ, அவருக்கென்று ஓர் ஊசி வெடிகூடச் சத்தம் போடவில்லை.

ஐந்து மணிக்கு ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. செல்லச்சாமி கையில் ஒரு ஓலைப்பெட்டி. அதில் ஒரு முழுச் சரம் பிரிக்காமல் கிடந்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டார் கஸ்பார்.

"இருக்கட்டும் சாமி. பெறகு ஆகும்."

யாருக்கு ஆகும்? அவனுக்குத்தானே! அவன் பிறந்தநாளுக்கா, அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கா? காலையிலிருந்து புகைந்தது அந்த நொடியில் பற்றிக்கொண்டது. கஸ்பார் பெட்டியிலிருந்து சரத்தைப் பிடுங்கித் தரையில் போட்டார். பக்கத்தில் நின்றவர் வாயிலிருந்த பீடியையும் பிடுங்கினார்.

"நீங்க போடாட்டிப் போங்க. எனக்கு நானே போட்டுக்கறேன்!"

செல்லச்சாமி பாய்ந்து வருவதற்குள் திரி பிடித்துவிட்டது. சரம் கடைசிவரை வெடித்துத் தீர்ந்தது. குருவம்மாள்தான் முதலில் வாயில் அறைந்துகொண்டு அழுதாள்.

"என்ன காரியஞ் செஞ்சுட்டீக சாமி! எங்க ஊர்ல வாரவுகளுக்குத்தான் வெடி போடுவோம். போறவுகளுக்குப் போட்டா அது பொணத்துக்குப் போடுற வெடி. திரும்பி வரமாட்டாக. கம்பெனிக்குப் போன எம் புருசனுக்குக் கடைசியா அதத்தான் போட்டோம். ஒங்களுக்குப் போட எங்களுக்கு மனசு வருமா?"

இதெல்லாம் அஞ்ஞானம் என்று பத்து மாதம் படித்துப் படித்துச் சொன்னவர் கஸ்பார். அவரே இப்போது குனிந்து, வெடித்த காகிதங்களைக் கையால் கூட்டி அள்ளப் பார்த்தார்.

"அந்தச் சரம் ஒங்களுக்குன்னு எடுத்து வச்சது" என்றார் செல்லச்சாமி மெதுவாக. "பட்டம் வாங்கி, மொதப் பூசை வைக்க இங்கன வருவீகள்ல, அன்னைக்கிப் போட. பந்தல்ல விட்டாப் பிள்ளைக கொளுத்திரும்னு கையோட கொண்டாந்தேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். செல்லச்சாமி அவரைப் பார்த்துக் கையை வீசினார்.

"நீ போலே! சாமி வரல."

சாமியின் துணிப்பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டார். கஸ்பாரின் அங்கியைப் பிடித்து ஊர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினாள் குருவம்மாள்.

"வெடி போட்டது போட்டதுதான். அது நீங்க வந்ததுக்குப் போட்டதா இருக்கட்டும். நடங்க, கோயிலுக்குள்ள காலெடுத்து வைங்க. நாளைக்கு வெள்ளனப் போங்க. ஒருத்தர்ட்டயும் சொல்லாமப் போங்க. நாங்களும் பாக்க மாட்டோம்."

ஒரே நாளில் ஊர் இரண்டாம் முறையாக ஒருவரைக் கோவிலுக்கு அழைத்துப் போனது. மதலைமுத்து கடைசியில் தனியாக வந்தார். அவரைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அறைக்குள் வந்ததும் அவர் கட்டிலைக் கஸ்பாருக்கு விட்டுவிட்டுத் தன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"காலையில எனக்கு எம்புட்டு வெடி போட்டாக அண்ணே. நாலு பேருக்கு எம் பேருகூடத் தெரியாது. ஒங்களுக்குப் பஸ்ஸையே விட்டுட்டாக" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் குரலைக் கஸ்பாருக்கு நன்றாகவே தெரியும். பகல் முழுக்க அவருக்குள்ளே பேசிக்கொண்டிருந்த குரல் அது. கேட்டதும் ஒரு நொடி இனித்தது. இனித்ததற்காக வெட்கப்பட்டார். எழுந்து போய் மதலைமுத்துவின் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து, எந்த வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, யார் இன்னும் தன் பெயரை எழுதப் பழகவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

விடிந்ததும் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். கம்பெனிக்குப் போகிறவர்கள் எழுந்து சோறு கட்டுகிற நேரம். ஆனாலும் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஒரு வீட்டில், "சின்னச்சாமி போ..." என்று ஆரம்பித்த பிள்ளையின் வாயை யாரோ பொத்தினார்கள். கஸ்பார் திரும்பிப் பார்க்காமல் அழுதுகொண்டே நடந்தார்.