ஜெகதீஸ்வரி பார்த்த இருதயம்

"உங்களுக்கு அது எப்போ நின்னுச்சும்மா?" என்று டாக்டர் பிருந்தா கேட்டபோது ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதில் தெரியாமல் இல்லை. இதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் மிளகாய் நாற்று நட்ட வாரம்தான் கடைசி. கட்டின புருஷனிடம்கூட அவள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வேர்த்ததையும் தூக்கம் கெட்டதையும் வெயிலின் தலையில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு இருந்தாள்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் உள்ள கிராமம் அது. மதுரையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வந்து பஞ்சாயத்துக் கட்டடத்தில் இறங்கி மூன்று நாளாகியிருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏன் கூடுகிறது என்று ஆராய்ச்சி. மூன்று நாளில் வந்தது நாலே பேர். ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதைவிட, மாதவிலக்கு என்ற சொல்லை மைக் வைத்துச் சொன்னதில் பெண்களுக்குக் கூச்சம். கிராம நர்ஸ் சுகப்பிரியா வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துவராத குறையாகக் கூட்டி வந்திருந்தாள்.

கையில் பட்டையைச் சுற்றி மூன்று தடவை பார்த்தார்கள். பிருந்தா மூன்றாவது தடவையும் எண்ணைப் பார்த்துவிட்டுச் சுகப்பிரியாவைப் பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தாறும்மா. ரொம்ப அதிகம். தலைவலி, கிறுகிறுப்பு ஏதாச்சும்?"

"எனக்கென்ன? காலையிலதான் ரெண்டு குடம் தண்ணி தூக்கியாந்தேன். மிசினு கோளாறா இருக்கும் டாக்டரம்மா."

பிருந்தா விவாதம் பண்ணவில்லை. திரைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னாள். நெஞ்சில் சில்லென்று எதையோ தடவி, சின்னக் கருவி ஒன்றை விலாவில் வைத்து அழுத்தினாள். பக்கத்திலிருந்த ஸ்கேன் பெட்டியின் திரை ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பியிருந்தது.

முதலில் சாம்பல் புகைதான் தெரிந்தது. பிறகு அதற்குள் ஏதோ அசைந்தது. இரண்டு மெல்லிய இதழ்கள், பால் குடிக்கும் ஆட்டுக்குட்டியின் காதுகள் மாதிரி, படக்கென்று திறந்தன, மூடின, மறுபடி திறந்தன.

"இது யாருது?"

"உங்க இருதயம்தாம்மா."

"எப்ப எடுத்தது?"

"எடுக்கல. இந்த நிமிசம் உள்ள நடக்குறது."

ஜெகதீஸ்வரி மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை. அவளைக் கேளாமல், அவளுக்காகக் காத்திராமல், தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

"தூங்கும்போதும் இப்படித்தானா?"

"தூங்கும்போதும்தான். ஒரு நாளைக்கு லட்சம் தடவை இருக்கும்."

மூன்று பிள்ளை பெற்றபோதும், அப்பன் செத்து அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும், அந்தக் கைக்கு ஒரு விரற்கடை உள்ளே இது இப்படியே திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வருஷம். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பிருந்தா திரையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தச் சுவர் ஒம்பது மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். உங்களுக்குப் பதிமூணு."

"தடிச்சிருந்தா பலந்தான?"

"இல்லம்மா. கொதிப்பை எதுத்துத் தள்ளித் தள்ளித் தடிச்சுப்போச்சு. இப்படியே விட்டா ஒரு நாள் ஓஞ்சுரும்."

"அது நின்னதுக்கப்புறம் ஏன் இப்படி வருது?"

"ஹார்மோன் குறையுறப்ப ரத்தக்குழாய் இறுகுதுன்னு தெரியும். ஆனா ஒருத்தருக்குக் கூடுது, பக்கத்து வீட்டுக்காரவங்களுக்குக் கூடல. அது ஏன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியலம்மா. அதத் தேடித்தான் உங்ககிட்ட வந்திருக்கோம்."

அவ்வளவு படித்தவள் தெரியாது என்கிறாள். அதற்கான விடை இந்த உடம்புக்குள் இருக்கலாம் என்கிறாள். ஜெகதீஸ்வரி சேலையைச் சரிசெய்தபடி எழுந்து உட்கார்ந்தபோது, தன் உடம்பைத் தானே தொடத் தயங்கினாள்.

மறுநாள் கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் திறந்து மூடி, தான் பார்த்ததைப் பெண்களுக்குக் காட்டினாள்.

"போங்க மதினி, கண்டதையும் சொல்லிக்கிட்டு" என்றாள் சந்தனம்மாள். மூன்று நாளாகச் சுகப்பிரியாவைக் கண்டாலே கதவைச் சாத்தியவள் அவள்.

"வந்து பாரு. ஒன்னோடது ஒனக்குள்ள ஆடுறத நீ பாக்க வேண்டாமா?"

மத்தியானம் வேலை விட்டதும் பதினோரு பேர் காலில் மண்ணோடு வந்து நின்றார்கள். "இருதயத்தக் காட்டுறீகளாமே?" என்று பிருந்தாவிடம் கேட்டார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் கூச்சமில்லாமல் பதில் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் போகும்வரை சளசளவென்று பேசியவர்கள், வெளியே வரும்போது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

சந்தனம்மாள் படுத்தவாறே திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளுக்குக் கொதிப்பு இருநூற்றுப் பதினெட்டு இருந்தது. இரண்டு நாளாக இடது கை மரத்துப்போய் வருவதை அப்போதுதான் சொன்னாள். பிருந்தா தங்கள் வண்டியிலேயே அவளை ஏற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஐந்தாம் நாள் அவள் பஸ்ஸில் திரும்பி வந்து, தானே நடந்து வீட்டுக்குப் போனாள். இருநூறு பேர் தேவைப்பட்ட ஆராய்ச்சிக்கு அந்த ஒரு ஊரிலிருந்தே ஐம்பத்துமூன்று பேர் சேர்ந்தார்கள்.

பிருந்தா எழுதிக்கொடுத்த மாத்திரையை ஜெகதீஸ்வரி தினமும் போட்டாள். ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்தாள். "நல்லாத்தான இருக்க, பெறகு எதுக்கு மாத்திரை?" என்று புருஷன் தங்கபாண்டி கேட்டபோது, "ஒங்களுக்குத் தெரியாது, அது உள்ள படுற பாட்ட நான் பாத்திருக்கேன்" என்றாள்.

ஒரு வருஷம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். பிருந்தா அளந்தாள், நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள்.

"பதினொண்ணும்மா. சுவர் மெலிஞ்சிருக்கு."

"அதுவாவே சரியாகுதா?"

"கொதிப்பு எறங்கிச் சுமை கொறைஞ்சிருச்சுல்ல. அது தன்னைத் தானே சரிபண்ணிக்குது."

பிருந்தா ஒரு பொத்தானை அழுத்தினாள். சென்ற முறை கேட்காத சத்தம் அறை முழுக்க நிறைந்தது. மடை திறந்து வாய்க்காலில் தண்ணீர் பாய்வதுபோல், விட்டு விட்டு, ஆனால் விடாமல். ரத்தம் ஓடுகிற சத்தம் என்றாள். வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் கேட்டுக்கிறட்டுமா டாக்டரம்மா?"

பிருந்தா கருவியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.