பறக்கிற வீட்டுக்கு மட்டும் ஜீப்பு

விஜயபாண்டி தரையிலிருந்து ஒன்றரை முழம் மேலே எழும்பியது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு நரிக்குடிச் சந்தையில் கத்திரிக்காய் கிலோ முப்பது. பாளையம்பட்டியில் தறி ஓட்டியவன். ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் தனக்குத்தானே பேசி, பேச்சு முற்றி, காலைக் கஞ்சி குடித்த கையோடு எழும்பிவிட்டான். காற்றடித்தால் திருச்சுழிக்குப் போய்விடுவான் என்று பெண்டாட்டி பாண்டீஸ்வரி ஆட்டுக்கயிற்றால் வேம்பில் கட்டினாள். எட்டு டிவிக்காரர்கள் வந்தார்கள். டிவி வந்ததால் சர்க்கார் உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததால் வாராவாரம் ஜீப்பு வந்தது. ஜீப்பில் மனநல டாக்டர் தங்கலட்சுமி, ஒரு நர்சு, ஒரு பெட்டி மாத்திரை.

எதிர்வீட்டுச் சங்கரம்மாளுக்கு வயிறு பற்றிக்கொண்டது. அவள் புருஷன் நல்லகண்ணு நாலு வருஷமாக வாய் திறக்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். பார்த்துப் பார்த்தே சுவர் தேய்ந்து பக்கத்து வீட்டு அடுப்படி தெரிந்தது. ஆனால் கால் மட்டும் தரையில். டவுனு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருவது மாசத்தில் ஒரு செவ்வாய். ரெண்டு பஸ்ஸு மாறிப் போனால் முன்னால் இருநூறு பேர். முறை வந்தால் ரெண்டு நிமிஷம். எழுதின மாத்திரை ஸ்டாக் இல்லை. அந்த வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு நிச்சயமும் வளைகாப்பும் அங்கேயே நடந்தன.

"ஒம்புருசன் குடுத்துவச்ச மனுசன்த்தா," என்றாள் சங்கரம்மாள். "புடிச்சாலும் பறக்குற பைத்தியமால்ல புடிச்சிருக்கு."

"வேணும்னா மாத்திக்குவமாக்கா?" என்றாள் பாண்டீஸ்வரி.

சங்கரம்மாள் புருஷனுக்கு ஒரு மாதம் வெறும் பொரியாகப் போட்டாள், எழும்பவில்லை. கடைசியில் உரலைக் கவிழ்த்து அவனை மேலே நிறுத்தி, எட்டு முழ வேட்டியால் மறைத்து, எங்கள் வீட்டிலும் பறக்கிறார் என்று ஜீப்பை மறித்தாள். டாக்டர் குனிந்து வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. இவருக்கும் வைத்தியம் வேணும்தான், ஆனால் ஜீப்பும் மாத்திரையும் தரையில் கால் பாவாதவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, மற்றவர்களுக்குக் கேட்ட நிதி மூணு வருஷமாக வரவில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பாண்டீஸ்வரி புருஷனுக்கு மாத்திரையும் தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கரம்மாள் பார்த்தாள். வயிற்றெரிச்சல் நெஞ்சுக்கு ஏறியது, நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறியது, அதற்குமேல் ஏற இடமில்லாமல் ஆளையே தூக்கிக்கொண்டு போனது. கூரை விளிம்பையொட்டி அந்தரத்தில் போய் நின்றாள்.

டாக்டர் புது நோட்டைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா," மேலேயிருந்து சங்கரம்மாள் சொன்னாள். "மாத்திரைய அவுகளுக்கு எழுதுங்க."

டாக்டர் உரலின்மேல் உட்கார்ந்து நல்லகண்ணுவை முக்கால் மணி நேரம் பரிசோதித்து, அவனுக்கு வேண்டியதைச் சங்கரம்மாள் பெயரில் எழுதினார். அஞ்சாம் மாதம் அவன் சுவரை விட்டுத் திரும்பி, அண்ணாந்து பார்த்து, "சாப்பிட்டியா?" என்றான். அவளுக்கு இறங்கி ஓடத்தான் ஆசை. இறங்கினால் ஜீப்பு நின்றுவிடும். அதனால் எதிர்வீட்டையே முறைத்துப் பொறாமையைக் காய விடாமல், மேலே நின்றபடியே முருங்கைக்கீரை பறித்துக் கீழே போட்டாள், அவன் ஆய்ந்தான்.

இதற்குள் மாத்திரை வேலை செய்து விஜயபாண்டிக்குக் கால் தரை தட்டியது. அன்றோடு அவன் வீட்டுக்கு ஜீப்பும் மாத்திரையும் நின்றன. பத்தாம் நாள் பழையபடி தனக்குத்தானே பேச ஆரம்பித்தான், தரையிலேயே நின்று. பாண்டீஸ்வரி வாசலில் நின்று, எதிர்வீட்டில் நிற்கிற ஜீப்பைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். போன வியாழக்கிழமை அவள் குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது.

சங்கரம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.