நேரில் போய்ச் சொல்ல ஓர் ஆள்

அம்மாவின் வலதுகைக் கட்டைவிரலைத் தூக்கி, போனின் பின்பக்கத்து வட்டத்தில் வைத்து அழுத்தினாள் இளமதி. திறக்கவில்லை. துப்பட்டாவால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை. விரல் சில்லிட்டுக் கிடந்தது. விடிகாலையில் கோழிக்கூட்டைத் திறந்துவிடப் போன அம்மா கூட்டு வாசலிலேயே சாய்ந்துபோய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"என்னடி பண்ற அவ கைய வச்சுக்கிட்டு?" என்றாள் மூக்காயி அத்தை. அப்பாவுக்கு அக்கா. சாவு வீட்டுப் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவள்.

"மாமா நம்பருக்கு அடிச்சா உபயோகத்துல இல்லைங்குது அத்தை. அம்மா போன்ல வேற நம்பர் இருக்கான்னு பாக்குறேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார். "ப மாதிரி கோடு போடு ஆத்தா. தொறக்கும்."

திறந்தது. மாமா பெயரில் அதே பழைய நம்பர்தான் இருந்தது.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் அதைக் கொண்டுவந்து போர்த்தாமல் பாடையில் ஏற்ற மாட்டார்கள். அம்மா சொர்ணத்துக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே தம்பி ராசு. அவர் இருப்பது மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கொடும்பாளூருக்குப் பக்கத்தில். இவர்கள் இருப்பது கிழக்குக் கோடியில், கட்டுமாவடிக்கு இரண்டு மைல் முன்னால். நடுவில் நூறு கிலோமீட்டர் கிடக்கிறது. அது போதாதென்று நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தையும் இல்லை. அதற்குக் காரணம் இளமதிதான்.

அவளுடைய கல்யாணத்தில் வந்த வினை அது. குலதெய்வத்துக்கு அடுத்தபடி, முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டோடு போவதாக அம்மாவும் அப்பாவும் முடிவு செய்திருந்தார்கள். இளமதிக்கு வெள்ளிவரை பொறுக்கவில்லை. புதன்கிழமையே சென்னையிலிருந்து பத்திரிகையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டு, இருக்கிற குரூப்புகளுக்கெல்லாம் அனுப்பி, ஒரே நாளில் ஐந்நூறு பேரை அழைத்தாகிவிட்டது என்று அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள். மாமாவுக்கு அதை டீக்கடையில் யாரோ போனை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போன தட்டை அவர் கையால் தொடவில்லை. "ஊரு பூராம் பாத்து முடிச்சதுக்கப்பறம் எனக்கு எதுக்கு?" என்றாராம். கல்யாணத்துக்கும் வரவில்லை. தாய்மாமன் மாலையை யாரோ ஒன்றுவிட்டவர் போட்டார். போட்டோவில் அம்மா எல்லாப் படத்திலும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் இளமதிக்கு வேலையே மனிதர்களோடுதான். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம். இணையத்தில் அவளுக்குப் பதினோராயிரம் பேர் தொடர்பு. தொடர்புகளை வளர்ப்பது எப்படி என்று மாதம் ஒரு வகுப்பும் எடுக்கிறாள். அந்த வகுப்பில் தாய்மாமன் பற்றி ஒரு வரியும் கிடையாது.

காலையில் அம்மாவைக் கட்டிலில் கிடத்திய கையோடு அவள் விரல் தானாக ஸ்டேட்டஸுக்குத்தான் போனது. 'அம்மா' என்று அடித்தும்விட்டாள். அப்புறம் டீக்கடை ஞாபகம் வர, அழித்தாள். கணவன் வசந்துக்கும் ஆபீசுக்கும் மட்டும் சொன்னாள். வசந்த் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டான்; வந்து சேர மூன்று மணியாகும்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எடுத்துரணும். நாளைக்குச் சனிக்கிழமை, பங்காளிக ஒத்துக்க மாட்டாக" என்றாள் அத்தை. "இனிமே ஒரு ஆளு அம்புட்டுத் தூரம் போயி, அவனத் தாங்கி, அவன் எறங்கி வந்து... நடக்குற காரியமா? அறந்தாங்கியில ஒரு சேலைய எடுத்து, தம்பி போத்துனதா நெனச்சுப் போத்திர வேண்டியதுதான்."

"அவ ஒத்துக்க மாட்டா" என்றார் அப்பா. அம்மா அடுப்படியில் இருப்பது போலச் சொன்னார்.

இளமதிக்கு உட்கார முடியவில்லை. கட்டிலைச் சுற்றி வந்தாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஐந்து மணிக்குள் மாமா வராவிட்டால் அம்மா அந்நியச் சேலையில்தான் போவாள். அதை எடுத்துக் கொடுப்பது அத்தையாக இருக்கலாம். போர்த்துவது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவின் வாட்ஸப்பைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே 'புதுகை நாட்டுக்கோழி' குரூப். இருநூற்று முப்பத்தெட்டுப் பேர். அம்மாவுக்கு எழுத வராது. எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். கோழிக்குச் சீக்கு என்று யார் கேட்டாலும் பதில் சொல்லும் முதல் குரல் அவளுடையது. லீவுக்கு வரும்போதெல்லாம் இளமதிக்கு அது எரிச்சல். "காலங்காத்தால கோழிப்பீ பத்தியா பேசுவ? ஆரும்மா இவுகல்லாம்?" என்று முந்தாநாள்கூடக் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

குரூப்புக்கு அடுத்த பெயர், 'கொடும்பாளூர் சின்னப்பிள்ளை'.

இளமதி கடைசிக் குரல் செய்தியைத் தொட்டாள்.

"கழிச்சலுன்னா சின்ன வெங்காயமும் சீரகமும் அரச்சு உருட்டிக் குடு" என்றது அம்மாவின் குரல். அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். "அது கெடக்கட்டும். எந்தம்பி வீட்டுப் பக்கம் போனியா? இருமல் எப்புடி இருக்காம்?"

இளமதி போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அங்கே நின்று மற்றவற்றைக் கேட்டாள். அந்தப் பெண்ணின் பதில்: "பாத்தேங்க்கா. சந்தையில கெடாக்குட்டி பாத்துக்கிட்டு நின்னாக. இருமல் கொறஞ்சிருக்கு." அதற்கு முந்தைய வாரம்: "மழைக்கு ஓடு மாத்துறாகக்கா." அதற்கும் முன்னால் எத்தனையோ. எல்லாம் கோழியில் ஆரம்பித்து மாமாவில் முடிந்தன. அம்மா தம்பியோடு பேசாமல் இருந்ததாக ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவளோ வாரம் தவறாமல் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுக்கா. வெள்ளச்சி அடையில ஒக்காந்துருச்சா?"

"நான் அவுக பொண்ணு பேசுறேங்க. இளமதி. அம்மா... காலையில போயிருச்சுங்க."

அந்தப் பக்கம் கோழிகளின் கொக்கரிப்பு மட்டும் கேட்டது. "நேத்து ராத்திரி பேசுனாகளே" என்றாள் சின்னப்பிள்ளை.

"மாமாவுக்குச் சொல்லணும். நீங்க போக முடியுமா?"

"நான் சொந்தமில்லையே பாப்பா. கேதம் சொல்ல நான் போனா மொறையாகுமா?"

"போன்ல சொன்னா அதுக்கு மேல மொற கெட்டுப்போகும். அவரு வாசல்ல ஒரு ஆளு நின்னு சொல்லணுங்க. வேற ஆருமில்ல எனக்கு."

கடைசி வார்த்தை அவளே எதிர்பாராமல் வந்தது. பதினோராயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை என்பது உண்மைதான்.

"சரி. இப்பவே போறேன்" என்றாள் சின்னப்பிள்ளை.

முக்கால் மணி நேரம் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் முதலில் வானம், பிறகு ஒரு ஓட்டுச் சாய்ப்பு, பிறகு சின்னப்பிள்ளையின் பாதி முகம். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டாக. ஒண்ணும் பேசல. கடலை ஒடச்சுக்கிட்டு இருந்தாக, அப்புடியே ஒக்காந்திருக்காக. என்ன செய்யட்டும்?"

"போன அவர்கிட்டக் கொண்டு போங்க."

திரை ஆடி ஆடி நின்றது. மாமாவின் முகம் தெரியவில்லை. முழங்காலும், சாக்கில் கொட்டிய நிலக்கடலையும், இரண்டு கைகளும் தெரிந்தன. கைகளில் நரம்பு புடைத்திருந்தது. நான்கு வருஷத்தில் கிழவர் கை ஆகியிருந்தது.

"மாமா, நான் இளமதி" என்றாள். "அம்மா போயிருச்சு மாமா. நாந்தான் வந்து ஒங்க வாசல்ல நின்னு சொல்லியிருக்கணும். நேரம் பத்தல. அன்னைக்கும் நேர்லதான் வந்து சொல்லியிருக்கணும். பத்திரிகையப் போட்டது நான். போட்டதுக்கப்பறந்தான் அம்மாவுக்குத் தெரியும். என்னைய வையிங்க, அடிங்க. அம்மாவ வெறுங்கையா அனுப்பிறாதீங்க மாமா."

ஒரு கை சாக்கிலிருந்து ஒரு கடலையை எடுத்தது. உடைக்கவில்லை. வைத்துக்கொண்டே இருந்தது. அப்படியே படம் உறைந்து, இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தபோது சின்னப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது.

அதற்குப் பிறகு நேரம் நகரவே இல்லை. பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்து தீ மூட்டி மேளத்தைக் காய்ச்சினார்கள். ஆபீஸ் குரூப்பில் கும்பிட்ட கைகள் வந்து வந்து விழுந்தன. போனின் அதிர்வை நிறுத்தினாள். பன்னிரண்டு மணிக்குச் சின்னப்பிள்ளைக்கு அடித்தாள், ஒரு மணிக்கு அடித்தாள், அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்தாள். வருகிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனாள். இரண்டு மணிக்கு அத்தை எதற்கும் கைக்காவலாக அறந்தாங்கியிலிருந்து ஒரு பச்சைச் சேலை வாங்கிவரச் சொல்லிவிட்டாள். அது பிளாஸ்டிக் பையோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று மணிக்கு வந்த வசந்த், "வருவாரா?" என்று கேட்டான். அவள் மறுபடியும் சின்னப்பிள்ளைக்கு அடித்தாள்.

நாலேகாலுக்கு அம்மாவைக் குளிப்பாட்டி முடித்தார்கள். அத்தை பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து மடிப்பை உதறினாள்.

"இன்னும் பத்து நிமிசம் அத்தை."

"எத்தனை பத்து நிமிசம்டி?"

நாலே முக்காலுக்குத் தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது.

முதலில் மாமா இறங்கினார். பின்னால் மாமி, உறவில் நாலைந்து பேர். கடைசியாக, யாரோடும் ஒட்டாமல், செத்துப்போன போனைக் கையில் பிடித்தபடி ஒரு மெலிந்த பெண். மாமா யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போனார். தோளில் கிடந்த புதுச் சேலையைப் பிரித்தார். அரக்கு நிறம், மஞ்சள் கரை. அதை அம்மாமேல் போர்த்தினார். கால் பக்கம் சுருக்கம் விழுந்திருந்ததை இழுத்துச் சரிசெய்தார். "யக்கா" என்றார்.

"அரக்குன்னா உசுரு அவளுக்கு" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "நாலு வருசம் பேசாட்டியும் தம்பிக்கு ஞாபகம் இருக்கு பாரு."

மாமா சின்னப்பிள்ளையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அம்மாவுக்கு அரக்கு பிடிக்கும் என்று மாமாவைப் போலவே இளமதிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"நீங்க என்ன மொற வேணும்?" என்று அத்தை அவளைக் கேட்டாள்.

சின்னப்பிள்ளை தயங்கினாள். "கோழி குரூப்புங்க."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளமதி நகர்ந்து, அம்மாவின் தலைமாட்டில் அவளுக்கு இடம் விட்டாள். சின்னப்பிள்ளை குனிந்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அம்மாவின் வாட்ஸப்பில் முகப்படமாக இருந்தது ஒரு வெள்ளைக் கோழிதான்.

"கொரலு மட்டுந்தான் தெரியும்" என்றாள். "ரெண்டு மூக்குத்தி போட்டிருக்காகன்னு தெரியாது." பிறகுதான் அழுதாள்.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

காடு போய்த் திரும்பிய மாமா ஈர வேட்டியோடு சற்று நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேனைப் பார்த்து நடந்தார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எல்லோரும் அப்படித்தான் போனார்கள். இளமதி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா அவளைக் கடந்துதான் போனார். தலையைத் திருப்பவில்லை. அது வழக்கத்துக்கான மௌனமா, இன்னும் ஆறாத கோபமா? கேட்கவும் முடியாது. வேன் முனை திரும்பியதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

ஏழரை மணிக்கு அம்மாவின் போன் ஒலித்தது. குரல் செய்தி. கொல்லைக்குப் போய்க் கேட்டாள்.

"பாப்பா, சின்னப்பிள்ளை பேசுறேன். வண்டியில சார்ஜு போட்டிருக்கேன். அறந்தாங்கி தாண்டிட்டோம். கோழியள எண்ணிப் பாத்து அடச்சிரு, இன்னைக்கி ஆரும் பாத்திருக்க மாட்டாக. தண்ணி வச்சிரு..." வண்டியின் இரைச்சல். அதற்குள் தள்ளி ஒரு ஆண் குரல் கேட்டது. "என்னங்க?" என்றாள் சின்னப்பிள்ளை. அந்தக் குரல் கொஞ்சம் கிட்டே வந்தது. "அந்தப் புள்ள. சாப்புட்டுச்சான்னு கேளு."

அதோடு முடிந்தது. முப்பத்து நான்கு நொடி.

இளமதி பதில் சொல்ல மைக்கை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுத்துவிட்டாள். நேற்று இரவுக்குப் பிறகு அவள் வாயில் எதுவும் படவில்லை. மாமாவிடம் பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை.

உள்ளே சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோற்றை அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். இளமதி ஒரு தட்டை வாங்கி, நின்றபடியே ரசத்தைப் பிசைந்து நாலு கவளம் விழுங்கினாள். ஐந்தாவது கவளம் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினாள். கையைக் கழுவித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குப் போனாள். மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"இப்பத்தான் சாப்புட்டேன் மாமா."

ஒற்றைக் குறி விழுந்தது. இரண்டாவது விழும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.