லூகா முளைத்த பாத்தி

லூகடெண்ட்ரான், சுருக்கமாக லூகா, என்ற பேரைக் கேட்டாலே தேன்மொழிக்குப் பற்றிக்கொண்டு வரும். தென்னாப்பிரிக்காவின் கேப் மலைப்பக்கம் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளராத புதராம்! பெங்களூர் ரோட்டில் வெளிநாட்டுக்குப் பூ அனுப்பும் கம்பெனிகள் புதிதாக வந்திருந்த காலம். அப்படி ஒன்றில் கூலிக்குப் போன அவள் புருஷன் கோபிகிருஷ்ணன், அங்கே வந்த வெள்ளைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பொட்டலம் விதை வாங்கிக்கொண்டு சொந்த ஊரான குடுபல்லிக்கு வந்து சேர்ந்தான்.

பூத்தால் கம்பெனிக்கே விற்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கட்டி விதைத்தான். ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று, ஒரு முளை இல்லை. அவன் மனசு விட்டுப் போய் குவைத்துக்கு விசா எடுத்துவிட்டான். செடி வந்தால் இங்கேயே இருப்பான், வராவிட்டால் மாசியில் பிளேன். தேன்மொழிக்குச் சோறு இறங்கவில்லை.

போகியன்று ஊரே தெருவில் பழசைக் கொளுத்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், வேர்க்கடலைத் தோல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் முதல் பாத்தியின் மேல் கொட்டித் தீ வைத்தாள். உன்னால்தானே என் புருஷன் போகிறான், எரிந்து தொலை என்று வாய்விட்டுத் திட்டினாள். எரிந்து முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீரை ஊற்றி, சாம்பலை மண்ணோடு கிளறி மூடிவிட்டாள். கோபியோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டிருந்தான்.

மாசியில் ஒரு காலை, குவைத் என்று எழுதிக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அழுத முகத்தைக் கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றாள். சாம்பல் பாத்தி நெடுக முளை! பக்கத்துப் பாத்தி மொட்டை. ஒரு நாற்றை மண்ணோடு பெயர்த்து முந்தானையில் ஏந்திக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"எறங்குய்யா. முளைச்சிக்கினு கீது."

முந்தானையைப் பார்த்தவன் பெட்டியோடு குதித்தான். பஸ் போயே போய்விட்டது. வீட்டுக்கு ஓடிவந்து இரண்டு பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுக்கு மட்டும் என்னா போட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கொளுத்திட்டன்யா. நீ போறியேன்ற கோவத்துல, போகி அன்னிக்கு."

எங்கள் மலையில் காடு எரிந்து புகை பட்டால்தான் இது கண் திறக்கும் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னதும், ஆள் கதை அளக்கிறார் என்று தான் சிரித்ததும் இப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. கயிற்றை அவிழ்த்தான். துணிமணியை வெளியே கொட்டிவிட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து மொட்டைப் பாத்தியின் மேல் பரப்பினான்.

"தீப்பெட்டி எங்க கீது?" என்றான்.