ஜனவரி: புகை இல்லை

1

12 ஜனவரி 1973, வெள்ளி. மயிலாப்பூர்.

ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம் போட்ட என் அட்டவணையில், ஜனவரிக்கு எதிரே 'வெயில் இல்லை, மழை இல்லை, புகை இல்லை' என்று எழுதியிருந்தேன். கடைசி இரண்டு சொற்கள் தவறு.

இந்தக் கதை அந்த அட்டவணையில் பிறந்ததுதான். மாலைக் கல்லூரியின் கையெழுத்துப் பத்திரிகைக்காக ஒரு வாரமாக எழுதுகிறேன். மூச்சிழுப்பு உள்ள அக்காவைக் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு அழைக்க ஒரு தம்பி நல்ல நாள் தேடும் கதை. தம்பி நான்தான். அக்கா பெயர் தங்கபுஷ்பம். (பெயரை மாற்றிப் பார்த்தேன். வேறு பெயரில் அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.)

2

தொடக்கம் ஒன்று: 'கத்திரி வெயில் நகரத்தை ஒரு…' (வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: சென்ற மே மாதம் அக்கா வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாண்டி பஜாரில் கடைக்குக் கடை நின்றாள்.

"அவசரப்படாதலே. இந்தச் சேலையக் கொஞ்சம் பாத்துட்டு வாரேன்."

நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்: அக்காவுக்குப் பிடித்த நிறங்கள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ.* ஐந்தாவது கடை பூட்டியிருந்தது. அதன் முன்னாலும் நின்றாள். அப்போதுதான் அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

பள்ளிக்கூட வழியிலும் இப்படித்தான். சுவரொட்டிக்குச் சுவரொட்டி நின்று எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் எழுத்துக்கூட்டக் கற்றது அவள் மூச்சு வாங்கிய இடங்களில்.

மூன்றாம் நாளே, கடலைப் பார்க்காமல் ஊர் திரும்பினாள். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மெட்ராஸ் பேச்சே கெடையாது, பாத்துக்கோ" என்றார் அத்தான். அதனால்தான் அட்டவணை. தபாலில் அனுப்பிய அதைப் பார்த்துவிட்டு அக்கா எழுதினாள்: 'நீ சொன்ன நாளில் வாரேன். நீ யோசித்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.'

* இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். நான் எவ்வளவு கவனமானவன் என்று தெரியட்டும்.

3

இந்த இடத்தில் மயிலாப்பூரின் மார்கழியை வருணித்திருந்தேன். விடியற்காலைக் கோலம், தெப்பக்குளத்தின் மேல் பனி. வாசலோரம் எல்லாம் கிழிந்த பாய், முறம், சைக்கிள் டயர் என்று குவிந்திருந்ததைக் கண்டு, 'சுத்தத்தை விரும்பும் மக்கள்' என்று பாராட்டியிருந்தேன். மாட வீதியில் விற்ற சிறு மேளங்கள் கோயில் திருவிழாவுக்கு என்று நினைத்தேன்.

இன்று மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது பக்கத்துப் போர்ஷன் சொர்ணம்மா வழிமறித்தார்.

"இன்னா நைனா, உன் பழைய பாய் கீதே, குடேன். விடிகாலைல கொளுத்தணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? நாளிக்கு போகிப்பா! ஊரே கொளுத்தும். எட்டு மணி வரிக்கும் எதுர்ல வர்ற ஆளு தெரியாது. நல்லா கேட்டே போ!"

எங்கள் பக்கம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதோடு போகி முடிந்தது. எனக்கு இது சென்னையில் முதல் ஜனவரி. அக்கா நாலு மணிக்கே வண்டி ஏறியிருப்பாள். எழும்பூர் சேரும் நேரம், நாளைக் காலை ஏழு.

4

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன்.

அ. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். அதற்குள் புகை கலைந்துவிடுகிறது. (நமக்கு வேண்டிய நாளில் எந்த வண்டி தாமதமாகியிருக்கிறது?)

ஆ. கடற்காற்று புகையை எல்லாம்… (மார்கழி விடியலில் காற்று கடலைப் பார்த்துப் போகும். அடித்துவிட்டேன்.)

இ. அக்கா எழும்பூர் வாசலில் ஒரு விளம்பரப் பலகையின் முன் நிற்கிறாள். எனக்குப் படித்துக் காட்ட வாயைத் திறக்கிறாள். அப்புறம்

பக்கத்திலிருந்த மெஹபூப் பாஷா எட்டிப் பார்த்தான். பல்லாவரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருபவன்.

"அக்கா வண்டில வந்துக்கினு கீது, நீ இன்னாடா முடிவு எழுதிக்கினு கீறே?"

"தந்தி குடுத்தாலும் இனி கிடைக்காது. வேற என்ன செய்ய?"

"எழும்பூர்லதான் எறங்கணும்னு சட்டமா மச்சி? செங்கல்பட்டுல வண்டி நிக்கும்ல. ஸ்டேஷனாண்டயே ஏரி. அங்க எறக்கு. வெயில் ஏறினப்பறம் கூட்டியா."

"அங்க கொளுத்த மாட்டாங்களா?"

"கொளுத்துவான். மெட்ராஸ் மாரியா? இத்தினி டயருக்கு அவன் எங்க போவான்!"

வெயிலுக்குப் பயந்துதான் ஜனவரி. இப்போது வெயில் ஏறக் காத்திருக்கச் சொல்கிறான்.

5

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஏரிக்கரையில் நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று தெரியாது. என் அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை. மீதியை, வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கதை சுவைக்க வேண்டும் என்பதற்காக அவளைத் திணற மட்டும் வைக்காதீர்கள். தெருவில் இப்போதே யாரோ மேளம் அடித்துப் பார்க்கிறார்கள். கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க நான் கிளம்ப வேண்டும்.

நாளைய வேலை: காலை ஐந்தரை மணி, செங்கல்பட்டு. வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள், பெண்கள் பெட்டியின் ஒவ்வொரு ஜன்னலிலும் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.